எழுத்து தெரியாத வாசகர்கள்

“எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும் சார், அப்புறம் கூட்டிட்டு வர்றேன்.”

கிளை நூலகங்களில் அடிக்கடி காதில் விழும் பதில் இது. தினமும் பேப்பர் பார்க்க வரும் தகப்பனிடம், வீட்டில் இருக்கிற நான்கு வயது மகளையும் ஒரு நாள் அழைத்து வரலாமே என்று நூலகர் சொல்லியிருப்பார். அந்தத் தகப்பனுக்கு மகள்மேல் அக்கறை இல்லாமல் இல்லை. படிக்கத் தெரிந்தவர்கள் போகிற இடம் நூலகம் என்ற எண்ணத்தோடுதான் அவர் வளர்ந்தார், நாமும் வளர்ந்தோம். சினிமாவுக்கும் திருவிழாவுக்கும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். நூலகத்துக்கு என்று வரும்போது மட்டும் வயது பார்க்கிறோம்.

அந்த வயது வரம்பை யாரும் சட்டத்தில் எழுதவில்லை. நாமே வைத்துக்கொண்டது அது. மூன்று வயதிலிருந்து ஏழு வயதுக்குள் ஒரு குழந்தைக்கு நூலகம் கற்றுத்தருவதில் பெரும்பகுதி, எழுத்து தெரிவதற்கு முன்பே கற்றுக்கொள்ளக்கூடியது. அதிலும் ஒரு பாடம், வீட்டுப்பாடமும் மதிப்பெண்ணும் வந்து சேர்ந்த பிறகு கற்பதற்கு மிகவும் கடினமானது: தனக்கு என்ன வேண்டும் என்று தானே தேர்ந்தெடுப்பது.

மரத்தைச் சுற்றி ஓடிய பிறகு

சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. சுமார் 15,000 சதுர அடி. நடுவில் கிளை பரப்பி நிற்கும் ஒரு செயற்கை மரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால், சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வது தெரியும். முதலில் ஓட்டம். மரத்தைச் சுற்றி ஓடியாக வேண்டும். பிறகு அதைத் தொட்டுப் பார்த்து, நிஜ மரமா என்று கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் புத்தக அடுக்கு கண்ணில் படும். கைக்கு எட்டியதை உருவி, அட்டையைப் பார்த்து, கீழே வைத்துவிட்டு அடுத்தது. அதையும் வைத்துவிட்டு அடுத்தது. கொஞ்ச நேரத்தில் தரையெல்லாம் புத்தகம். கூட வந்த பெரியவருக்குப் பொறுமை போய்விடுகிறது. “ஏதாவது ஒண்ணை எடுத்து ஒழுங்கா பாரேன்டா.”

அவன் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒன்றில் படம் பயமுறுத்துகிறது. ஒன்றில் எழுத்து நிறைய. ஒன்றில் யானை இருக்கிறது, ஆனால் குட்டி யானை இல்லை. இவை எல்லாம் அவன் எடுத்த முடிவுகள். கீழே வைத்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவனிடம் ஒரு காரணம் உண்டு, கேட்டால் சொல்வான். நாம் கேட்பதில்லை.

நான்கு வயதுக் குழந்தையின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். எழும் நேரம், சட்டை, சாப்பாடு, போகும் பள்ளி, ஏறும் வேன், பார்க்கும் உறவினர் என்று எல்லாமே மற்றவர்கள் முடிவு செய்தவை. பொம்மைக் கடையில் தேர்வு செய்ய விடுகிறோம் என்று தோன்றலாம். அங்கே ஒவ்வொன்றின் மேலும் விலைச் சீட்டு தொங்குகிறது. குழந்தை கை காட்டியதை நாம் திருப்பிப் பார்த்து, விலையைப் படித்து, வேறொன்றைக் கையில் கொடுக்கிறோம். வாங்கி வந்த பொம்மை மறுநாள் சலித்துவிட்டால், காசு போன கணக்கு வாரம் முழுக்க வீட்டில் பேசப்படும். தேர்வு என்றாலே அதில் வசவு இருக்கிறது என்று பிள்ளைகள் அப்போதே புரிந்துகொள்கிறார்கள்.

நூலகத்தில் தவறான தேர்வுக்கு அபராதம் கிடையாது. பிடிக்காத புத்தகத்தை நான்காம் பக்கத்தில் மூடிவிடலாம். வீட்டுக்குக் கொண்டுபோய், தொடாமலே இரண்டு வாரம் வைத்திருந்து திருப்பித் தரலாம். தனக்கு இது பிடிக்காது என்று கண்டுபிடிப்பதும் ஒரு கண்டுபிடிப்புதான். பத்துப் புத்தகத்தை நிராகரித்த பிறகு பதினோராவதை மார்போடு அணைத்துக்கொண்டு வரும் குழந்தைக்கு, அந்த ஒன்றை ஏன் எடுத்தோம் என்று தெரியும்.

இங்கேதான் பெற்றோர் குறுக்கே வருகிறோம். “இது உனக்குப் பெரிசு”, “ஏற்கெனவே பார்த்ததுதானே”, “இங்கிலீஷ் புக் எடு, ஸ்கூலுக்கு உதவும்.” நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இந்த மூன்று வாக்கியங்களும் அந்த ஒரு மணி நேரத்தை இன்னொரு வகுப்பறையாக்கிவிடுகின்றன. அட்டையில் கிரேன் படம் இருக்கிறது என்பதற்காகக் கட்டுமானப் பொறியியல் புத்தகத்தை ஐந்து வயதுப் பையன் தூக்கி வந்தால், தூக்கி வரட்டும். படங்களை மட்டும் பார்ப்பான். சில பக்கங்களில் நம்மிடம் கேட்பான். நமக்கும் பதில் தெரியாது. அதுவும் அவனுக்குத் தெரியவேண்டிய விஷயம்தான்.

சீர்காழிக்காரர் திறந்துவிட்ட அடுக்கு

குழந்தை தன் கையால் புத்தகத்தை உருவி எடுக்கிறது என்பதே ஒரு காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பழைய நூலகங்களில் புத்தகங்கள் பூட்டுக்குள் இருந்தன. வேண்டிய நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பணியாளர் உள்ளே போய் எடுத்து வருவார். எதைக் கேட்பது என்று முன்பே தெரிந்தவருக்கு மட்டுமே அந்த முறை உதவும். எழுதத் தெரியாத குழந்தைக்கு அதில் இடமே இல்லை.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, பயிற்சிக்காக லண்டன் சென்றார். அங்கே குரோய்டன் பொது நூலகத்தைச் சேர்ந்தவரும், குழந்தைகள் நூலகத்தைப் பற்றித் தனி நூலே எழுதியவருமான பெர்விக் சேயர்ஸிடம் பாடம் கேட்டார். திரும்பி வந்ததும் அவர் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்குகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அடுக்குகளுக்கு நடுவே நடக்கலாம், எடுக்கலாம், புரட்டலாம். தேடி வந்த புத்தகத்தின் பக்கத்தில் தேடாத புத்தகம் ஒன்று இருக்கும் அல்லவா, அதைச் சந்திக்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைத்தது.

நூல்களை வகைப்படுத்த அவர் உருவாக்கிய புகழ்பெற்ற கோலன் பகுப்புமுறைக்கு வித்திட்டது ஒரு விளையாட்டுச் சாமான் என்பது பலருக்குத் தெரியாது. லண்டன் செல்ஃப்ரிட்ஜ் கடையில் மெக்கானோ விற்றுக்கொண்டிருந்தார்கள். துளையிட்ட உலோகப் பட்டைகள், திருகுகள். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டி, பாலம், கிரேன். அறிவுத்துறைகளையும் இப்படிக் கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை அவருக்கு அங்கே பிறந்தது. 1933-ல் அது நூலாக வந்தது. உலக நூலகவியலுக்கு இந்தியா கொடுத்த கொடைகளில் முதலாவதாகச் சொல்லப்படுவதன் தொடக்கத்தில் ஒரு குழந்தையின் பொம்மை இருக்கிறது. நூலகத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்களே என்று முகம் சுளிக்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் நிறைவேற்றியதற்கும் ரங்கநாதனின் உழைப்பு காரணம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க அது வழிசெய்தது. இப்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு அதற்காகப் போகிறது. ஆகவே, சொந்த வீட்டுக்காரர் நேரடியாகவும், வாடகை வீட்டுக்காரர் வாடகை வழியாகவும் உங்கள் குழந்தையின் புத்தகத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள்.

திரும்பத் திரும்ப அதே கதை

நூலகத்திலிருந்து மூன்றாவது முறையாக அதே புத்தகத்தை எடுத்து வரும் பிள்ளையைக் கண்டு சலித்துக்கொள்ளாத வீடு குறைவு. எத்தனை புத்தகம் இருக்க, இதையே ஏன்?

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹார்ஸ்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மூன்று வயதுக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரே கதை திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டது. மற்றதற்கு வெவ்வேறு கதைகள். புதிய சொற்கள் இரு குழுவினரின் காதிலும் விழுந்த தடவைகள் சமம். ஆனாலும் ஒரே கதையைக் கேட்ட குழந்தைகளே அந்தச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். முதல் முறை கேட்கும்போது கதை எங்கே போகிறது என்பதிலேயே கவனம் முழுதும் போய்விடுகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிறகுதான் அந்தச் சொல், இந்த மூலையில் ஒளிந்திருக்கும் எலி என்று மற்றதையெல்லாம் கவனிக்க மனம் ஓய்வு பெறுகிறது.

படித்துக் காட்டும் விதமும் முக்கியம். அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-ல் ஒரு சோதனை செய்தார்கள். படநூலைப் படித்துக் காட்டும்போது நடுநடுவே நிறுத்தி, இங்கே என்ன நடக்கிறது, அப்புறம் என்ன ஆகும் என்று குழந்தையையே பேசவைக்கச் சில பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகள் மொழித் திறன் சோதனைகளில் மற்றவர்களைவிட நன்றாக முன்னே போயிருந்தார்கள். நம் பாட்டிமார் இதைக் கேட்டால் வியந்திருக்க மாட்டார்கள். கதை கேட்கிற பிள்ளை ‘உம்’ கொட்ட வேண்டும் என்பது இங்கே வழக்கம். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். கேட்பவர் பாதி, சொல்பவர் பாதி என்றுதான் கதை நடந்தது. நூலகத்தில் பாயில் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்லும் நேரம் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. அதை நடத்த யாருக்கும் பட்டம் தேவையில்லை.

இங்கே தமிழ்க் குழந்தைக்கு என்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. நம் கல்வித் திட்டங்களில் போதிய கவனம் பெறாதது இது என்பது என் உறுதியான எண்ணம். வீட்டில் பிள்ளை கேட்பது ‘நாய் வந்துச்சு, அவன் ஓடிட்டான்’. புத்தகத்தில் இருப்பது ‘நாய் வந்தது, அவன் ஓடிவிட்டான்’. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் குழந்தை எழுத்தை மட்டும் கற்பதில்லை. தன் காது பழகாத ஒரு தமிழையும் சேர்த்துக் கற்கவேண்டியிருக்கிறது. எழுத்துக் கூட்டி ‘ஓ-டி-வி-ட்-டா-ன்’ என்று வந்து சேர்ந்தபின்னும், அது தனக்குத் தெரிந்த ‘ஓடிட்டான்’தான் என்று பிடிபடச் சற்று நேரம் ஆகிறது. மூன்று வயதிலிருந்தே எழுத்துத் தமிழைக் காதால் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அந்தத் தடுமாற்றம் மிகக் குறைவு. பாடப்புத்தகத்தைத் திறக்கும் நாளில் அந்தத் தமிழ் அதற்கு ஏற்கெனவே பழகியிருக்கும். புத்தகம் வாங்க வசதியில்லாத வீட்டுக் குழந்தைக்கு அந்தத் தமிழ் காதில் விழ, தொலைக்காட்சிச் செய்தியை விட்டால், நூலகத்துப் படநூல்தான் இருக்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஹேஸும் மார்கரெட் ஆரன்ஸும் 1988-ல் ஆங்கிலத்தை வைத்து எண்ணிப் பார்த்தார்கள். கல்லூரியில் படித்த பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில் வருவதைவிட, சிறுவர் நூல்களில் அரிய சொற்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகின்றன. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருப்பது நம்முடையதைவிடக் குறுகிய இடைவெளி.

புத்தகம் என்ற பொருளைக் கையாளும் பழக்கமும் இந்த வயதில்தான் வருகிறது. எது முன்பக்கம், எது தலைகீழ், எழுத்து எந்தப் பக்கமிருந்து போகிறது, கதை படத்தில் இருக்கிறதா கறுப்பு வரிகளில் இருக்கிறதா? நமக்கு இவை கேள்விகளாகவே தோன்றாது. நியூசிலாந்தின் மேரி கிளே இவற்றையே ஒரு சோதனையாக வடிவமைத்து, பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவை புதியவை என்று ஆசிரியர்களைப் பார்க்கவைத்தார்.

யானை எங்கே இருக்கும்?

“மிஸ், யானை புக் எங்க இருக்கு?”

ஐந்து வயதுக் குழந்தை நூலகரிடம் போய் இதைக் கேட்கும் காட்சியில் பல பாடங்கள் ஒன்றாக இருக்கின்றன. உறவினரும் இல்லாத, தன் வகுப்பு ஆசிரியரும் இல்லாத ஒரு பெரியவரிடம் தனக்கு வேண்டியதைத் தானே கேட்கிறது. அந்தப் பெரியவர் பதிலுக்கு அதைச் சோதிப்பதில்லை. ‘யானைக்கு ஸ்பெல்லிங் சொல்லு’ என்பதில்லை. “நிஜ யானையா பாப்பா, கதையில வர்ற யானையா?” என்றுதான் கேட்பார், நல்ல நூலகராக இருந்தால். அந்தக் கேள்வியிலேயே உலகத்துப் புத்தகங்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. உண்மையைச் சொல்பவை ஒரு பக்கம், கற்பனை செய்பவை ஒரு பக்கம்.

மெல்வில் டூயி 1876-ல் வகுத்த தசமப் பகுப்பில் விலங்குகளுக்கு 590, நாட்டுப்புறக் கதைகளுக்கு 398. எண்கள் குழந்தைக்குத் தேவையில்லை. ஆனால் போன வாரம் யானை இருந்த இடத்தில்தான் இந்த வாரமும் யானை இருக்கும், அதன் பக்கத்தில் புலி இருக்கும் என்பது அதற்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும். எடுத்ததை அதே இடத்தில் வைக்காவிட்டால் அடுத்து வருகிறவருக்குக் கிடைக்காது என்பதும்தான். வீட்டில் பொம்மைகளை ஒழுங்காக அடுக்கு என்று நூறு முறை சொல்லியும் ஏறாதது, இங்கே ஒரு முறை தேடிக் கிடைக்காமல் போனதில் ஏறிவிடும்.

கதை மட்டும் கேட்காமல் தகவல் கேட்கிற பிள்ளைகளுக்குத் தமிழில் நல்ல பெட்டகம் ஒன்று உண்டு. பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம். தகவல்கள் பழசாகிவிட்டன. ஆனாலும் ஒரு பொருளைச் சிறுவர்களுக்கு எளிய தமிழில் எப்படி விளக்குவது என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி கிடைப்பது அரிது. இதுபோன்ற ஒன்றை இன்றைய அறிவியலோடு புதிதாகத் தொகுக்கும் வேலை அரசு எடுத்துச் செய்யவேண்டிய வேலை.

சிறார் எழுத்தும் வறண்டு போகவில்லை. சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்காரை 2023-ல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யும் 2024-ல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ நூலும் பெற்றன. துளிகா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவை தமிழில் படநூல்கள் கொண்டுவருகின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. முதல் படியில் பக்கத்துக்கு ஓரிரு வரிகள்தான்.

கொண்டு போ, கொண்டு வா

எனக்கு மிகவும் பிடித்த பாடம் திருப்பிக் கொடுப்பது. குழந்தைக்கு முதலில் இது அநியாயமாகவே தெரிகிறது. என் புத்தகம் என்று சொல்லித் தலையணை அடியில் வைத்துத் தூங்கியதை ஏன் திருப்பித் தர வேண்டும்? அழுகை வரும். நூலகத்து மேசைமேல் அதை வைக்க மாட்டேன் என்று அடம் வரும். அவசரப்படாமல் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைக் காட்டுங்கள். வரிசையாக முத்திரைகள். ஒவ்வொன்றும் இன்னொரு வீடு, இன்னொரு பிள்ளை. உனக்கு முன்னால் யாரோ கொண்டுவந்து கொடுத்ததால்தான் உனக்குக் கிடைத்தது. ஐந்து வயதுக்கு இது புரியும். இதைக் குழந்தையின் வாயாலேயே கேட்டிருக்கிறேன், தனக்கு அடுத்து எடுக்கப்போகும் தம்பிக்காக ஒரு பக்கத்து மடிப்பை நீவிவிட்ட சிறுமியிடம்.

தன்னுடையதும் ஆகி, எல்லோருடையதும் ஆன ஒரு பொருளைக் குழந்தை வேறெங்கே கையில் எடுக்கிறது? பூங்காவின் ஊஞ்சலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பள்ளியின் விளையாட்டுச் சாமான் மணி அடித்ததும் பெட்டிக்குள் போய்விடும். நூலகப் புத்தகம் மட்டும் குழந்தையை நம்பி அதன் வீட்டுக்கு வருகிறது.

அந்த நம்பிக்கையை நாம்தான் கெடுக்கிறோம். கிழித்துவிட்டால் என்ன செய்வது, தொலைத்தால் அபராதம் கட்டவேண்டுமே என்ற பயத்தில் பல வீடுகளில் குழந்தையின் கைக்குப் புத்தகம் போவதே இல்லை. சிகாகோ பொது நூலகம் 2019-லும் நியூயார்க் பொது நூலகம் 2021-லும் தாமத அபராதத்தை முற்றாக நீக்கின. அபராதத்துக்குப் பயந்து வராமல் இருந்தவர்களில் ஏழைக் குடும்பங்களே அதிகம் என்பதால்தான். நம் நூலகங்களில் அபராதம் சில காசுகள்தான். ஆனாலும் ‘கிழிந்தால் பரவாயில்லை, சொல்லுங்கள், ஒட்டிக்கொள்வோம்’ என்று நூலகர் ஒரு வார்த்தை சொல்வது தேவைப்படுகிறது. பலர் சொல்லவும் செய்கிறார்கள்.

படித்துக்கொண்டிருக்கும் அண்ணன்கள்

தமிழ்நாட்டு நூலகம் எதற்குள் இன்று நுழைந்தாலும் முதலில் தெரிவது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு. சாப்பாட்டு டப்பாவோடு காலையில் வந்து இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த மேசையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர். அண்ணா நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவும் உண்டு. ஒருவர் விரலால் படிப்பதைப் பார்த்துவிட்ட குழந்தை, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கேள்வி கேட்கும்.

யாரும் சொல்லாமல், யாரும் அடிக்காமல், பெரியவர்கள் தாமாக வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். இது ஒரு குழந்தை கண்ணால் பார்க்கவேண்டிய காட்சி. வீட்டில் பெரியவர்கள் கையில் அது பார்ப்பது பெரும்பாலும் கைப்பேசியைத்தான். ‘படி, படி’ என்று சொல்பவர்கள் படிப்பதைப் பார்த்திராத குழந்தைக்கு, படிப்பு என்பது பிள்ளைகளுக்கு மட்டும் விதிக்கப்பட்டதாகவே தோன்றும். அங்கே போனால் குரலைத் தாழ்த்துவதும் வந்துவிடுகிறது. அதட்டிக் கற்பித்தால் வராது. பக்கத்தில் ஒரு அக்கா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார், நாம் கத்தினால் அவருக்குத் தப்பாகிவிடும் என்று காரணம் தெரிந்தால் வரும்.

ஆனால் மூன்று வயதுக் குழந்தையால் அரை மணி நேரத்துக்கு மேல் குரலைத் தாழ்த்தி வைத்திருக்க முடியாது. முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதனால்தான் குழந்தைகளுக்குத் தனி அறை என்ற யோசனை பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்க நூலகங்கள் பலவற்றிலும் சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. 1896-ல் புரூக்ளின் பிராட் நிறுவனத்து நூலகத்தில் ஆன் கரோல் மூர் குழந்தைகள் அறையைத் தொடங்கினார். குழந்தை உயரத்துக்கு மேசை, நாற்காலி, திறந்த அடுக்கு, கதை நேரம் என்று இன்று உலகெங்கும் பார்க்கும் பலவும் அவர் காலத்தில் வேர் பிடித்தவை. அதே 1896 டிசம்பரில் சென்னை எழும்பூரில் கன்னிமாரா பொது நூலகம் திறக்கப்பட்டது.

பீரோ சாவி யாரிடம்?

நம் பெரிய நூலகங்கள் இந்த வழியில் நன்றாகவே வந்திருக்கின்றன. அண்ணா நூலகத்தையே மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011-ல் அரசு அறிவித்தபோது, நூலகத்தை நேசிப்பவர்கள் நீதிமன்றம் போனார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நின்றது. 2023 ஜூலை 15 அன்று மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டபோது, குழந்தைகள் பிரிவு தொடக்கத்திலேயே அதன் திட்டத்தில் இருந்தது. தென் மாவட்டங்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.

கோட்டூர்புரமும் மதுரையும் தூரமாக இருக்கிற ஊர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே ஒரு கூடம். அதில் பேப்பர் மேசை, தேர்வுக்குப் படிப்பவர்கள், நூலகர் மேசை. குழந்தைகள் புத்தகம் உள்ளே எங்கேயோ இருக்கும். பல இடங்களில் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில், பூட்டோடு. கேட்டால் எடுத்துத் தருவார்கள். எதைக் கேட்பது என்று தெரியாத குழந்தைக்கு அந்தப் பூட்டு, ரங்கநாதனுக்கு முந்தைய காலம்.

இதை மாற்றப் பெரிய செலவில்லை. குழந்தைகள் நூல்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும். மூன்று வயதுக் கைக்கு எட்டுகிற உயரம், முதுகு தெரியாமல் அட்டை தெரிகிற மாதிரி. ஒரு பாய். தேர்வுக்குப் படிப்பவர்களோடு பேசி, ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் சத்தத்துக்கு என்று ஒதுக்கிக்கொள்வது. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். அந்த இளைஞர்களில் ஒருவரே கதை படித்துக் காட்ட முன்வருவார், கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. 1,000 ரூபாய் கட்டினால் புரவலர் என்று பெயர் எழுதிப் பலகையில் மாட்டுவார்கள். அந்தப் பலகைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், வழக்கறிஞர்கள் பெயர்கள் இருக்கின்றன. வாசகர் வட்டக் கூட்டத்தில் நாற்காலி நிறைய நரைத்த தலைகள். அவர்கள்தான் இத்தனை காலம் அந்த இடத்தைக் காப்பாற்றி வந்தவர்கள். இடுப்பில் பிள்ளையோடு வரும் அம்மாக்களும் அப்பாக்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்து, குழந்தைகள் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது, அதை எப்போது திறந்தே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டும்.